ஏழு ஆலயங்களும் ஒரு திங்கட்கிழமையும்

கேள்வி: நான் ஒரு கிராமச் சேகரத்தில் குருவானவராக இருக்கிறேன், வயது 43. என் பொறுப்பில் ஏழு சபைகள். ஞாயிறன்று மூன்று ஆராதனைகள், வாரநாட்களில் உபவாச ஜெபம், வீட்டு ஜெபம், திருமணம், அடக்கம், கட்டடக் கமிட்டி என்று நாட்கள் போகின்றன. பிரசங்கத்துக்காக அல்லாமல் வேதத்தைத் திறந்து பல மாதங்களாயின. சென்ற மாதம் ஓர் அடக்க ஆராதனையில் இறந்துபோன பெண்ணின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். அந்த வீட்டார் அழுதபோது எனக்குள் எதுவும் அசையவில்லை என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்றுகூடச் சில நாட்களில் தோன்றுகிறது. இது விசுவாசக் குறைவா? ஓய்வு கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள ஐயா, கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அதை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். உங்கள் துணைவியாருக்குத் தெரியாவிட்டால் இன்றிரவே அவர்களிடமும் சொல்லுங்கள். அந்த எண்ணம் நள்ளிரவில் வந்து நெருக்கினால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். போதகர் மனநல மருத்துவரைப் பார்ப்பது சபைக்கு இடறல் ஆகாது.

விசுவாசக் குறைவா என்று கேட்கிறீர்கள். கர்மேல் மலையில் தன் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி எலியா, அதன்பின் அதிக நாள் செல்லுமுன்பே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று தன் சாவைக் கேட்டார். அப்போது அவருக்குக் கண்டிப்பு வரவில்லை, உபதேசமும் வரவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி படுத்துத் தூங்கினார்; தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடவே சொன்னான். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வியைக் கர்த்தர் கேட்டது பல நாட்களுக்குப் பிறகு, ஓரேப் மலையில். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பகுதியைப் பிரசங்கித்த நான், அந்த அடையையும் தூக்கத்தையும் கடந்து, ஓரேபில் அவர் கேட்ட மெல்லிய சத்தத்துக்கே அவசரமாக ஓடியிருக்கிறேன் என்பது ஓய்வு பெற்ற பின்புதான் எனக்குப் புரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலையால் வரும் இந்தச் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தியெல்லாம் வற்றிப்போதல், செய்கிற வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், செய்வதில் பயனில்லை என்ற உணர்வு. அதை ஒரு நோயாக அது வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட மன அழுத்தத்தின் விளைவாகவே சொன்னது. அடக்கத்தில் உங்கள் மனம் அசையாததை இதயக் கடினம் என்று எண்ணி வருந்தாதீர்கள். நாள் முழுவதும் இறைத்த கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது, அவ்வளவுதான்.

ஓய்வு கேட்க வெட்கமாக இருக்கிறது என்பதை நன்றாக அறிவேன். அந்த வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? மதுரைப் பகுதியில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரிகள், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் குடும்பத்தாரைப் பறிகொடுத்த பின், 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மலையேறி இளைப்பாறாவிட்டால் ஊழியம் நிலைக்காது என்பதை அவர்கள் கல்லறைகளிலிருந்து கற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் மலையில் இருந்த கோடை மாதங்களில் சமவெளிச் சபைகளை நடத்திக்கொண்டிருந்தவர்கள் நம் ஊர் சபை ஊழியர்களான உபதேசிமார். உழைப்பு நமக்குச் சொத்தாக வந்தது, ஓய்வு வரவில்லை என்றே நான் நினைக்கிறேன். வேதமோ, ஓய்வுநாளில் மாடும் கழுதையும்கூட இளைப்பாற வேண்டும் என்கிறது.

காலைமுதல் மாலைவரை தனியே நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம் அவருடைய மாமன் எத்திரோ, நீரும் உம்மோடிருக்கிற ஜனங்களும் ‘தொய்ந்துபோவீர்கள்’ என்றார். ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எல்லாவற்றையும் சுமப்பதால் உங்கள் சபையாருக்கும் நன்மையில்லை. திருவிருந்தும் ஞானஸ்நானமும் உங்கள் கையில் இருக்கட்டும். மற்ற ஆராதனைகளை நடத்தவும், வீட்டு ஜெபங்களுக்குப் போகவும், கட்டடக் கணக்குப் பார்க்கவும் சபை ஊழியர்களும் மூப்பர்களும் இருக்கிறார்களே. அவர்கள் பிரசங்கம் உங்களுடையதைப்போல அமையாது என்று தயங்குவீர்கள், அமையாமல் போகட்டும். சேகரக் கமிட்டியில் இதைத் தயவாகக் கேட்காமல், தீர்மானமாக எழுதிவையுங்கள். வருடாந்திர விடுப்பை எடுக்காமல் விட்டிருந்தால் பேராயருக்கு எழுதி அதையும் கேட்டுப் பெறுங்கள்.

திங்கட்கிழமையை உங்களுடையதாக்குங்கள். அன்று கைபேசி சேகரச் செயலரிடம் இருக்கட்டும். மரணச் செய்தி மட்டும் உங்களுக்கு வந்தால் போதும். அடக்கம் திங்களன்று நேர்ந்தால் செவ்வாய் ஓய்வாகட்டும். காலையில் ஒரு சங்கீதத்தை, பேனாவும் குறிப்பேடும் இல்லாமல் வாசியுங்கள். ஞாயிறுக்கு ஏற்ற குறிப்பு அதில் தென்பட்டாலும் எழுதாதீர்கள். மத்தியானம் தூங்குங்கள்.

பெயர் மாறிப்போன அந்த வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதே போகாதீர்கள். சில வாரங்கள் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு சாயங்காலத்தில், அங்கியில்லாமல், துணைவியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் தரும் காப்பியைக் குடியுங்கள். அந்த அம்மாவின் பெயரைச் சரியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர்களைப் பற்றி வீட்டார் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.