ஊமைப்படமும் ஒன்றரை மடங்கு வேகமும்

கேள்வி: ஊமைப்படக் காலத்து நடிகர்களை மேதைகள் என்று தூக்கி வைத்து எழுதுகிறீர்களே! வசனம் மனப்பாடம் செய்ய வேண்டாம், குரல்வளம் வேண்டாம். கையைக் காலை ஆட்டிக்கொண்டு குடுகுடுவென்று ஓடினால் முடிந்தது. இதில் என்ன நடிப்பு, என்ன தொழில்நுட்பம்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதலில் அந்தக் 'குடுகுடு'வைத் தீர்த்துவிடுவோம். அதில் பாதிப் பழி நம்முடையது.

அன்றைக்குப் பெரும்பாலான கேமராக்களில் மோட்டார் கிடையாது. கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம் (ஃபிலிமில் பதியும் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு ஃபிரேம்), நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 ஃபிரேம். (போகப்போக இன்னும் வேகமாகவே சுற்றினார்கள்.) பேசும்படம் வந்ததும் ஒலிக்காக நொடிக்கு 24 ஃபிரேம் என்று நிலைத்துவிட்டது. 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் எல்லாமே ஒன்றரை மடங்கு வேகம். சிவாஜியின் ராஜநடையை அந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், அவரும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரிதான் தெரிவார்.

மீதிப் பாதி வேண்டுமென்றே செய்தது. துரத்தல் காட்சி என்றால் கேமராக்காரர் மெதுவாகச் சுற்றுவார்; திரையில் ஓட்டம் பறக்கும். திரையில் எப்படி விழும் என்று கணக்குப் போட்டு நடிகர் தன் அசைவை அளக்க வேண்டும். கேமராக்காரரின் மணிக்கட்டும் நடிகரின் காலும் ஒரே தாளத்தில் போகாவிட்டால் ஃபிலிம் தண்டம்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்த நடராஜ முதலியார் 'கீசகவதம்' என்ற ஊமைப்படத்தை எடுத்ததும் 16 ஃபிரேம் கணக்கில்தான். மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டினார். ஃபிலிமைக் கழுவ, சென்னைச் சூடு ஆகாதென்று குளிர்ச்சியான பெங்களூரில் லேப் வைத்தார். அந்தப் படத்தில் இன்று ஒரு துண்டு கூட மிச்சமில்லை.

சரி, நடிப்புக்கு வருவோம். ஹாலிவுட் ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் சின்ன வயதிலேயே அப்பா அம்மாவோடு மேடையேறியவர். பையனைத் தூக்கி எறிவதுதான் அந்தக் குடும்ப நிகழ்ச்சியின் விசேஷமே. 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தின் புயல் காட்சியைப் பாருங்கள். தெருவில் மலங்க மலங்க நிற்கிறார். பின்னாலிருந்து ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாகப் பெயர்ந்து அவர் மேல் சாய்கிறது. மாடி ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழ, மனிதர் அப்படியே நிற்கிறார். சுவர் இரண்டு டன் கனம் என்பார்கள். உடம்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே சில அங்குலம்தான் இடைவெளி. படப்பிடிப்பில் இருந்த சிலர் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

இதை வெறும் துணிச்சல் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கேமரா எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். தள்ளி நிற்கிறது, வீடும் மனிதனும் ஒரே ஃபிரேமில், வெட்டே கிடையாது. நடுவில் வெட்டியிருந்தால் 'டூப்' என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். அப்புறம் அந்த முகம். சுவர் வருவது தெரிந்த மனிதன், தெரியாதவனாக நிற்க வேண்டும். தோள் ஒரு இழை உயர்ந்தால் காட்சி போச்சு. (நேற்று நான் பார்த்த புதுப்படத்தில் கதாநாயகன் துக்கத்தில் இருக்கிறார் என்பதை வயலின் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.)

'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில் ரயில்வே தண்ணீர்க் குழாய் மேலே கொட்டி, தண்டவாளத்தில் கழுத்து அடிபட விழுந்தார் கீட்டன். கழுத்தெலும்பு முறிந்திருந்தது பல வருஷம் கழித்து டாக்டர் எக்ஸ்ரே பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த ஷாட் படத்தில் இருக்கிறது. விழுந்தவர் எழுந்து ஓடுகிறார்.

நடிகை லிலியன் கிஷ்ஷையும் சொல்ல வேண்டும். 'வே டவுன் ஈஸ்ட்' (1920) படத்துக்காக நிஜ ஆற்றில் மிதக்கும் பனிக்கட்டி மேல் படுத்தார். கையும் கூந்தலும் தண்ணீரில் இழுபடட்டும் என்பது அவருடைய யோசனையே. அந்தக் கை கடைசிவரை அவரைப் படுத்தியது.

கடிகார முள்ளில் தொங்கும் கண்ணாடிக்காரர் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்: ஹரால்ட் லாயிட், 'சேஃப்டி லாஸ்ட்', 1923. அதில் தந்திரம் உண்டு. கட்டட மொட்டைமாடியில் செட் போட்டு, கீழே தெரு தெரிகிற கோணத்தில் கேமராவை வைத்தார்கள். பார்வைக்கு எட்டாமல் கீழே மெத்தை. ஆனால் அந்த வலது கையை உற்றுப் பாருங்கள். 1919இல் புகைப்படத்துக்காகக் கையில் பிடித்த பொம்மை வெடிகுண்டு நிஜமாகவே வெடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. கையுறைக்குள் பொய்விரல் வைத்துக்கொண்டுதான் மனிதர் தொங்குகிறார்.

இந்த வாரம் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். ஓட்டம் கண்ணை உறுத்தினால் யூடியூபில் வேகத்தை 0.75 என்று வையுங்கள். அதற்கப்புறமும் கையைக் காலை ஆட்டுவதாகவே தோன்றினால் இன்னொரு கடிதம் போடுங்கள்.