மூவரும் தொடக்க நிலை: எங்களுக்குள் ஜப்பானிய மொழி கதைத்துப் பழகலாமா?

கேள்வி: பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போகும் எண்ணத்தில் நானும் இரண்டு சிநேகிதிகளும் திருகோணமலையில் கிழமைக்கு ஒரு நாள் வகுப்புக்குப் போகிறோம். மற்ற நாட்களில் பின்னேரம் டச் பே கடற்கரையில் இருந்து எங்களுக்குள் கதைத்துப் பழகுகிறோம். ஒருவரின் பிழை மற்றவருக்கும் ஒட்டிவிடும், விடு என்கிறார் அண்ணா. விடவா?

பதில்: விடவேண்டாம் தங்கச்சி. ஜேஎல்பிடி, ஜேஎஃப்டி பேசிக் என்ற ஜப்பானிய மொழித் தேர்வுகள் இரண்டிலுமே பேச்சுத் தேர்வு இல்லாததால் பலர் வாய் திறக்காமலே சித்தி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் வயதானவர் ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும்போது வாய்தான் முதலில் வேலை செய்யவேண்டும்.

அண்ணாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பிழையில் இரண்டு வகை. இலக்கணத்தை வைத்துப் பிடிக்கக்கூடியது ஒன்று. அதை நீங்களே திருத்தலாம். மற்றது காதால் மட்டுமே பிடிபடும். அதற்கு ஒலிப்பதிவு வேண்டும்.

முதல் வகைக்கு உங்கள் கையில் தமிழ் இருக்கிறது. வினை கடைசியில் வருவதும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் புதிதல்ல. கேட்பவரின் பக்கத்தில் இருக்கும் பொருளைச் சுட்ட ஜப்பானியத்தில் 'சொரே' என்று தனிச்சொல் உண்டு. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதில் தடுமாறுவார்கள். நாமோ இன்றைக்கும் 'உது' என்கிறோம்! இது, உது, அது, எது: கொரே, சொரே, அரே, தொரே. 'தபெதெ மிமாஸ்' என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். அந்த 'மி' நம்முடைய 'பார்' தான். 'கைதெ ஒகிமாஸ்', எழுதி வைக்கிறேன். சந்தேகம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போகாமல் தமிழில் வைத்துப் பாருங்கள்.

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. நமக்கு மானும் 'இருக்கு', மரமும் 'இருக்கு'. அங்கே ஆளும் விலங்கும் 'இமாஸ்', மரமும் கல்லும் 'அரிமாஸ்'. இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். பிரெட்ரிக் கோட்டையில் மான்களைப் போனில் படம் எடுங்கள். ஒருவர் படத்தை மறைத்து வைத்துக்கொண்டு, 'ஷிகா நோ ஹிதாரி நி கி கா அரிமாஸ்', மானின் இடப்பக்கத்தில் மரம் இருக்கிறது, என்று ஜப்பானியத்தில் மட்டும் சொல்லவேண்டும். மற்ற இருவரும் கேட்டுக் கேட்டு வரையவேண்டும். பிறகு படத்தோடு ஒப்பிடுங்கள். மரம் வலப்பக்கம் போயிருந்தால் எங்கே பிசகியது என்று அங்கேயே தெரிந்துவிடும், ஆசிரியர் தேவையில்லை.

ஒரு சொல்லில் கருத்து வேறுபட்டால் மூன்றில் இரண்டு பேர் சொல்வதை எடுக்காதீர்கள். கொப்பியில் குறித்து வகுப்பில் கேளுங்கள். மரியாதைப் பேச்சையும் வகுப்புக்கே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கிறீர்களா? இன்றே நிறுத்துங்கள். (நான் இங்கே எழுதியிருப்பது வாசிக்க வசதிக்காக மட்டுமே.) சிப்பிக்கும் சாவிக்கும் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல்தான் வரும், 'ககி'. ஜப்பானியத்தில் இரண்டாவது எழுத்தை வல்லோசையாகச் சொன்னால் சிப்பி, 'கங்கை'யின் இரண்டாவது ககரம் போல மெலிவாகச் சொன்னால் சாவி. நம் நாக்கு சொல்லின் நடுவில் தானாகவே மெலிந்துவிடும், சிப்பி கேட்டால் சாவி கிடைக்கும். ஜப்பானியரின் அடிப்படை எழுத்துமுறையான ஹிரகானாவில் இந்தக் குழப்பம் இல்லை, மெலிந்த ஓசைக்கு எழுத்தின் மேல் இரண்டு சின்னக் கீறல் போடுவார்கள். அடிப்படை எழுத்து 46தான்.

ஜப்பான் பவுண்டேஷனின் 'இரோதோரி' பாடநூலும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசம். ஒரு உரையாடலை எடுத்து, ஒரு வரி கேட்டு, அப்படியே சொல்லிப் போனில் பதியுங்கள். மூலத்தையும் உங்கள் குரலையும் மாறி மாறிப் போட்டுக் கேளுங்கள். அப்புறம் ஒருவர் பத்துச் சொற்களை வாசிக்க, மற்ற இருவரும் ஹிரகானாவில் எழுதட்டும். இருவருமே கீறலை ஒரே இடத்தில் தவறாகப் போட்டிருந்தால், எழுதியவர்களை விட்டுவிட்டு வாசித்தவரின் உச்சரிப்பைப் பாருங்கள்.