கணினி கேள்வி–பதில்: பழைய போனில் டெர்மினல்

பர்மாவில் சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு இறங்கிய 2014-ல் நம் வீடுகளுக்கு வந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் இன்று அலமாரியில்தான் கிடக்கின்றன. அவற்றில் டெர்மினலைத் திறந்து, எழுத்தில் கட்டளை அடித்து நிரல்களை ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எந்தப் போனானாலும் முதலில் செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு எண்ணைப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். போனில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும். சிடி, விஐ போன்றவை ஆங்கில எழுத்துகளின் பெயர்கள். சாய்கோடு, சிறுகோடு, இடைவெளி எல்லாம் அச்சில் உள்ளபடியே வரவேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் போன் ஆண்ட்ராய்டு 4.4, ராம் 1 ஜிபி. லினக்ஸ் கட்டளை பழகலாம் என்று டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியைப் போட்டால், பேக்கேஜைப் படிக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. இறக்கிய ஃபைல் கெட்டுவிட்டதா? — மாணவர், தட்டோன்

ஃபைல் நன்றாகத்தான் இருக்கும். இப்போதைய டெர்மக்ஸுக்கு ஆண்ட்ராய்டு 7 வேண்டும். 5, 6 இரண்டுக்கும் தனிப் பதிப்பு நிரல்கள் பகிரும் கிட்ஹப் தளத்தில் உண்டு, ஆனால் அவற்றுக்கான தொகுப்புகளை (டெர்மக்ஸுக்குள் ஏற்றும் நிரல்களை) புதுப்பிப்பது 2020 தொடக்கத்தோடு நின்றுபோயிற்று. 4.4-க்கு அதுவும் கிடையாது.

கட்டளை பழகுவதற்கு மட்டும் என்றால் வழி இருக்கிறது. ‘டெர்மினல் எமுலேட்டர் ஃபார் ஆண்ட்ராய்டு’ என்ற பழைய செயலி 4.4-ல் தடையில்லாமல் ஓடும். அது போனுக்குள்ளேயே இருக்கும் ஷெல்லை, அதாவது கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரலை, திறந்து கொடுக்கிறது. ஆனால் அந்த ஷெல்லில் ஃபைல் தேடும் ஃபைண்ட், வரிகளைப் பிரித்தெடுக்கும் ஆக், ஃபைலைத் திருத்தும் விஐ, இணையத்திலிருந்து இறக்கும் டபிள்யூகெட் எதுவும் இராது. இந்தக் குறையை, இவை எல்லாவற்றையும் உள்ளடக்கிய பிஸிபாக்ஸ் என்ற ஒரே ஃபைல் தீர்க்கும். ஆர்ம் சிப்புக்காக ‘ஸ்டாட்டிக்’ ஆக (வேறு ஃபைல்களை நம்பாமல் தானே ஓடும்படி) கட்டியதைப் பார்த்து எடுங்கள். போனை ரூட் செய்ய (முழு அதிகாரம் எடுக்க) தேவையில்லை.

பலரும் தடுக்கி விழுவது அடுத்த படியில். மெமரி கார்டில் வைத்தபடியே அதை ஓட்டினால் ‘பெர்மிஷன் டினைட்’ என்றுதான் வரும். அந்தப் பகுதியில் உள்ள எதையும் நிரலாக ஓட்டக்கூடாது என்பது ஆண்ட்ராய்டின் ஏற்பாடு. எத்தனை முறை அனுமதி மாற்றினாலும் பயனில்லை. செயலியின் சொந்த இடத்துக்கு நகலெடுக்க வேண்டும். ‘சிடி’ என்று மட்டும் அடித்து எண்டர் தட்டினால் அங்கே போய்விடுவீர்கள். பிறகு ‘கேட் /எஸ்டிகார்டு/பிஸிபாக்ஸ் > பிஸிபாக்ஸ்’, அடுத்து ‘சிமாட் 755 பிஸிபாக்ஸ்’. சிமாட் என்பது அனுமதி மாற்றும் கட்டளை, ஆங்கில எழுத்துகள்: சி, ஹெச், எம், ஓ, சிடியில் வரும் டி. இங்கே 755 என்று எண்ணாகவே கொடுங்கள், பிளஸ் எக்ஸ் என்று எழுதினால் 4.4-ல் உள்ள சிமாட் ஏற்காது. இனி ‘./பிஸிபாக்ஸ் விஐ’ என்றால் விஐ திறக்கும். மற்றவையும் இப்படியே.

பிஸிபாக்ஸின் டபிள்யூகெட் தளத்தின் பெயரைக் கொடுத்தால் ‘பேட் அட்ரஸ்’ என்று சொல்லக்கூடும். பெயரை எண்ணாக மாற்றித்தரும் சர்வர் எது என்பதை அது ஈடிசி கோப்புறையில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் என்ற ஃபைலில் தேடும். ஆண்ட்ராய்டில் அந்த ஃபைல் இல்லை. ஐபி எண் கொடுத்தால் வேலை செய்யும். இறக்கும் வேலையை பிரவுசருக்கு விட்டுவிடுவது எளிது.

பைத்தான் படிப்பதுதான் நோக்கம் என்றால் 4.4-ஓடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆண்ட்ராய்டு 7 உள்ள பழைய போன் ஒன்றை உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பல வருடத்துக்கு முன் பிளே ஸ்டோரில் எடுத்த டெர்மக்ஸ் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8.1. எந்தத் தொகுப்பைக் கேட்டாலும் ‘அனேபிள் டு லொகேட்’ என்கிறது. — வாசகி, ரங்கூன்

பிளே ஸ்டோர் பதிப்பைப் புதுப்பிப்பது 2020 நவம்பரோடு நின்றது. செயலி இறக்கிக்கொண்ட நிரலைத் தன் தரவுக் கோப்புறையிலிருந்து ஓட்டக் கூடாது என்று ஆண்ட்ராய்டு 10-ல் ஒரு விதி வந்தது. பிளே ஸ்டோரில் புதுப்பிப்புகளைப் போட அந்த விதிக்கு உட்பட்டாக வேண்டும். டெர்மக்ஸோ அப்படி இறக்கி ஓட்டுவதற்காகவே கட்டப்பட்டது. பின்னர் பிளே ஸ்டோருக்கு வந்த வேறொரு பதிப்பு ஆண்ட்ராய்டு 11 முதல்தான் ஏறும். ஆகவே உங்களுக்கு எஃப்-டிராய்டு என்ற இலவசச் செயலித் தளம்தான்.

பழையதை நீக்காமல் மேலே போட முடியாது. இரண்டின் கையொப்பமும் வேறு, போன் மறுத்துவிடும். நீக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். அதனால் ‘டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ்’ கொடுத்து அனுமதி அளித்து, உங்கள் ஃபைல்களை மெமரி கார்டுக்கு நகலெடுத்த பிறகே நீக்குங்கள். புதியதைப் போட்டதும் ‘டெர்மக்ஸ்-சேஞ்ச்-ரிப்போ’வில் ஆசிய மிரர்களை (தொகுப்புகளின் நகல் வைத்திருக்கும் சர்வர்களை) தேர்ந்தெடுங்கள். பிறகு ‘பிகேஜி அப்கிரேட்’. நடுவில் செட்டிங் ஃபைல் பற்றிக் கேள்வி கேட்டு நின்றால் எண்டர் தட்டினால் போதும். அது முழுதாக முடிந்த பிறகுதான் ‘பிகேஜி இன்ஸ்டால் பைத்தான்’. குறைந்தது 1 ஜிபி இடம் காலியாக இருக்கட்டும்.

இந்த வரிசை முக்கியம். டெர்மக்ஸின் தொகுப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தே முன்னேறுபவை. அப்கிரேட் செய்யாமல் புதிய தொகுப்பு ஒன்றை மட்டும் ஏற்றினால், அது தேடும் லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணை ஃபைல்) பழைய பதிப்பாக இருக்கும். ‘கேனாட் லிங்க் எக்ஸிக்யூட்டபிள்’ என்ற பிழை பெரும்பாலும் இதனால்தான். மின்சாரம் போய், வைஃபை பாதியில் அறுந்தாலும் இதே நிலை வரலாம். அப்போது மறுபடியும் அப்கிரேட் கொடுத்து முடிக்க விடுங்கள்.

டெர்மக்ஸ் ஏபிஐ போன்ற துணைச் செயலிகளையும் எஃப்-டிராய்டிலிருந்தே எடுங்கள். இடம் மாறினால் ஒன்றோடொன்று பேசாது.

பழைய போனுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல், செயலிகள் தொடங்கும் துணைச் செயல்கள் மொத்தம் 32-ஐத் தாண்டினால் போன் தானாகவே சிலவற்றைக் கொன்றுவிடும். 8.1-ல் அந்தத் தொல்லை இல்லை. பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து டெர்மக்ஸை விலக்கி, நீண்ட வேலைக்கு முன் ‘டெர்மக்ஸ்-வேக்-லாக்’ கொடுத்தால் திரை அணைந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு 7.0. பிரவுசரில் பல தளங்கள் சான்றிதழ் பிழை காட்டுகின்றன. அதே தளத்தை டெர்மக்ஸில் டபிள்யூகெட் எடுத்துவிடுகிறது. எப்படி? — வாசகர், மோல்மேன்

முதலில் போனின் தேதியைச் சரிபாருங்கள். நாள்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த போன் பல வருடம் பின்னால் போயிருக்கும். அப்போது தளம் அசல்தானா என்று காட்டும் சான்றிதழ்கள் எல்லாம் தவறாகத்தான் தெரியும்.

தேதி சரி என்றால் காரணம் வேறு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழைப் பல தளங்கள் பயன்படுத்துகின்றன. அதன் மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-லிருந்துதான் போனில் இருக்கிறது. முந்தைய போன்களுக்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடு 2024 செப்டம்பரோடு முடிந்தது. டெர்மக்ஸ் போனின் பட்டியலைப் பார்ப்பதில்லை. தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை ‘சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ்’ என்ற தொகுப்பாக வைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் அப்படியே. உங்கள் போனில் ஏறும் ஃபயர்ஃபாக்ஸ் பதிப்பு ஒன்றைப் போட்டால் பிரவுசர் தொல்லையும் தீரும். பிழையை மூடிவிட்டு ‘பரவாயில்லை, தொடர்’ என்று அழுத்தும் பழக்கம் மட்டும் வேண்டாம், வங்கிக் கணக்குக்கு அது ஆபத்து.

போனில் கண்ட்ரோல் கீ இல்லையே, ஓடும் நிரலை எப்படி நிறுத்துவது? — வாசகர், ரங்கூன்

டெர்மக்ஸில் வால்யூம் குறைக்கும் பட்டன்தான் கண்ட்ரோல். அதை அழுத்தியபடி சி தட்டுங்கள். வால்யூம் கூட்டும் பட்டனோடு இ தட்டினால் எஸ்கேப், டி (ஆங்கிலத்தில் டேபின் முதல் எழுத்து) தட்டினால் டேப், கியூ தட்டினால் கூடுதல் கீ வரிசை வரும்.

எங்கள் ஊரில் இணையம் மிக மெதுவு. மூன்று போன்களுக்கும் தனித்தனியாக இறக்க வேண்டுமா? — ஆசிரியை, தட்டோன்

வேண்டாம். ஒரு போனில் எல்லாம் ஏற்றி முடித்து, ‘டெர்மக்ஸ்-பேக்கப் /எஸ்டிகார்டு/பேக்கப்.டார்.எக்ஸ்இசட்’ கொடுங்கள். அந்த ஃபைலை மற்றப் போன்களுக்கு மாற்றி ‘டெர்மக்ஸ்-ரெஸ்டோர் /எஸ்டிகார்டு/பேக்கப்.டார்.எக்ஸ்இசட்’ கொடுத்தால் முடிந்தது. எல்லாப் போன்களின் சிப்பும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ‘யுநேம் -எம்’ கொடுத்துப் பாருங்கள்: ஆர்ச்64 என்று வருவது 64 பிட், ஆர்ம்வி7எல் என்று வருவது 32 பிட். ஒன்றில் எடுத்தது மற்றதில் ஓடாது. இந்தப் பேக்கப்பில் தொகுப்புகள் மட்டுமே வரும், பிள்ளைகள் எழுதிய நிரல்கள் வராது. அவற்றைத் தனியாக நகலெடுங்கள்.

கோவில் சந்தாதாரர் பட்டியல், 2016-ல் ஒரு போனில் அடித்தது. பெயர் தமிழில், முகவரி பர்மிய எழுத்தில். புதிய போனில் தமிழ் சரியாகத் தெரிகிறது, முகவரி மட்டும் சிதறிக் கிடக்கிறது. திரும்ப அடிக்காமல் மீட்க முடியுமா? — வாசகர், பெகு

முடியும். டெர்மக்ஸ் ஓடும் பழைய போன் ஒன்றே இதற்குப் போதும்.

நம் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-ல். அதற்கு முந்தைய போன்களில் பெரும்பாலும் ஜோஜி எழுத்துரு. இரண்டும் ஒரே எண் வரிசையைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து, எது முன், எது பின் என்பதில் வேறுபடுகின்றன. தமிழில் ‘கெ’ என்று அடிக்கும்போது கொம்பு முன்னால் தெரிந்தாலும், யூனிகோடில் ககரம் முதலிலும் கொம்பு அதன் பின்னும்தான் சேமிக்கப்படுகின்றன. பர்மிய யூனிகோடிலும் ஏகாரக் குறிக்கு இதே முறை. ஜோஜியிலோ கண்ணுக்குத் தெரிகிறபடி குறியே முதலில் சேமிக்கப்படும். தமிழுக்கு உரிய எண்கள் வேறு இடத்தில் இருப்பதால் பெயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாற்றும்போதும் ஆகாது.

பட்டியல் எக்ஸெல்லில் இருந்தால் முதலில் யுடிஎஃப்-8 எழுத்தில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்து ஃபைல்) ஆகச் சேமியுங்கள். ‘பிகேஜி இன்ஸ்டால் ஐசியு-டெவ்டூல்ஸ்’ கொடுத்தால் யுகான்வ் என்ற கருவி வரும். ஃபைல் இருக்கும் கோப்புறைக்குப் போய், ‘யுகான்வ் -எஃப் யுடிஎஃப்-8 -டி யுடிஎஃப்-8 -எக்ஸ் ஜோஜி-எம்ஒய் பழசு.சிஎஸ்வி > புதுசு.சிஎஸ்வி’. இங்கே -டி என்பதும் டேபின் முதல் எழுத்துதான். ஜோஜிக்கு ஆங்கில எழுத்துகள்: இசட், ஏ, டபிள்யூ, ஜி, ஒய், ஐ. இரண்டு பக்கமும் ஒரே ஃபைல் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். படிப்பதற்கு முன்பே ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்துவிடும், பட்டியல் போய்விடும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில. 2019-க்குப் பிறகு அதே பட்டியலில் யூனிகோடில் சேர்த்த வரிகள் இருந்தால், அவற்றைத் தனி ஃபைலாகப் பிரித்து வையுங்கள். யூனிகோடை மறுபடி மாற்றினால் அது கெடும். மோன், கரேன், ஷான் எழுத்தில் உள்ள முகவரிகளையும் சேர்க்காதீர்கள். அம்மொழிகளுக்கு யூனிகோடு ஒதுக்கிய எண்கள் பலவற்றை ஜோஜி தன் பர்மிய வடிவங்களுக்கு எடுத்துக்கொண்டது. கருவி அவற்றையும் பர்மியம் என்று எண்ணி மாற்றிவிடும். முதல் 20 வரியை மட்டும் தனியே எடுத்து மாற்றிப் பார்த்துவிட்டு முழுப் பட்டியலுக்குப் போவதே பாதுகாப்பு.

விடையை டெர்மினல் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெர்மினல் எல்லா எழுத்தையும் கட்டம் கட்டமாக அடுக்குவது, அதில் தமிழும் பர்மியமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரியும், கர்சர் இடம் தவறும். ஃபைலுக்குள் குறை எதுவும் இராது. ஜோஜி எழுத்துரு உள்ள பழைய போனிலும் சரியான விடை சிதைந்தே தெரியும். புதிய போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்.

நோக்கியா என்900 ஒன்று பழைய சாமான் கடையில் கிடைக்கிறது. வாங்கலாமா? — வாசகர், மோல்மேன்

டெர்மினலுக்காக என்றால் வாங்கலாம், நல்ல கருவி. 2009-ல் வந்தது, மேமோ 5 என்ற லினக்ஸ், 600 மெகாஹெர்ட்ஸ், ராம் 256 எம்பி, கண்ட்ரோல் கீயோடு கூடிய இழுப்பு விசைப்பலகை. எக்ஸ் டெர்மினல் உள்ளேயே இருக்கிறது. ‘ரூட்எஸ்ஹெச்’ தொகுப்பைப் போட்டு ‘சுடோ கெயின்ரூட்’ கொடுத்தால் முழு அதிகாரமும் கிடைக்கும்.

கடையிலேயே மைக்ரோ யுஎஸ்பி துளையை மெல்ல அசைத்துப் பாருங்கள். இந்த மாடலில் அது போர்டிலிருந்து பெயர்ந்துபோவது வழக்கம். ஆடினால் விட்டுவிடுங்கள். பேட்டரி பிஎல்-5ஜே, வேறு நோக்கியா மாடல்களிலும் வந்ததுதான், தேடினால் கிடைக்கும். உப்பியிருந்தால் அதில் சார்ஜ் ஏற்றவே கூடாது.

32 ஜிபி இருக்கிறதே என்று தாராளமாக நிரல் ஏற்ற முடியாது. சிஸ்டம் இருக்கும் பகுதி 256 எம்பிதான், அது நிரம்பினால் அப்டேட் பாதியில் நிற்கும். ‘டிஎஃப் -ஹெச்’ கொடுத்து அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து புதிய சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் வழியே (இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) போனால் ‘நோ மேட்சிங் ஹோஸ்ட் கீ டைப்’ போன்ற பிழை வரும். இதில் உள்ள பழைய எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ கையொப்ப முறையை 2021-ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8 இயல்பாக ஏற்பதில்லை. வீட்டுக்குள் உள்ள உங்கள் சொந்த சர்வர் என்றால் அதன் அமைப்பில் பழைய முறையை அனுமதிக்கலாம். இணையத்துக்குத் திறந்திருக்கும் சர்வரில் அப்படிச் செய்ய வேண்டாம். அதற்கு ஆண்ட்ராய்டு 7 போனின் டெர்மக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் ஏற்றி, என்900-லிருந்து பழைய முறையை அந்தப் போனில் மட்டும் அனுமதித்து 8022 போர்ட் வழியே நுழைந்து, அங்கிருந்து சர்வருக்குப் போங்கள்.