.38 ஸ்பெஷலா, .357 மேக்னமா?

கேள்வி: வன்னியிலிருந்து வந்து டெக்சாஸில் இரவுக் கடையில் வேலை செய்கிறேன். சட்டைக்குள் மறைத்து வைக்க ஒரு ரிவால்வர் வாங்க வேண்டும். எந்தக் கலிபர், அதாவது எந்த ரவை அளவு, நல்லது?

தம்பி, நானும் ஹூஸ்டனில் ஒன்பது வருடம் பெட்ரோல் நிலையத்தில் இரவு முறை நின்றவன். இப்போது நெடுங்கேணியில் வயல் செய்கிறேன்.

கலிபருக்கு முன் உங்கள் விசாவைப் பாருங்கள். மாணவர் விசாவிலோ தற்காலிக வேலை விசாவிலோ இருப்பவர் துவக்கு வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி பொதுவாகக் குற்றம். விலக்குகள் மிகச் சில. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயதானவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு திரியலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது இந்தத் தடையை நீக்காது. நிரந்தர வதிவிட அட்டை உங்களிடம் இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள். கடை முதலாளியிடமும் கேட்டுவிடுங்கள்.

என் முடிவு .38 ஸ்பெஷல். இரண்டுக்கும் சன்னத்தின் விட்டம் ஒன்றே. மேக்னத்தின் கோது, அதாவது மருந்து அடைத்த உலோகக் கூடு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம் கூடியது, அழுத்தம் இரண்டு மடங்கு. ஆகவே .357 ரிவால்வரில் .38 ரவையைச் சுடலாம். .38 ரிவால்வரில் .357 ரவையைச் சுடக் கூடாது.

பலம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நம்பி, நான் முதலில் 400 கிராம்கூட இல்லாத .357 ஒன்றை வாங்கினேன். பயிற்சிக் கூடத்தில் மூன்றாவது ரவையோடு பெருவிரல் இடுக்கில் தோல் கிழிந்தது. குழல் வாயில் அவ்வளவு பெரிய தீ. நான்காவது ரவைக்கு, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிவிட்டேன். ஏழு கெஜத் தூரத்தில் தொங்கிய கடதாசியில் இரண்டே துளைகள். அடுத்த மாதம் 600 கிராமுக்குச் சற்று மேற்பட்ட, உருக்கில் செய்த ஐந்து ரவை .38 வாங்கினேன். ஐந்து துளைகளையும் உள்ளங்கையால் மூட முடிந்தது.

ரவையை வெடிக்க வைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும் வகையை எடுங்கள், துணியில் சிக்காது. இரண்டு அங்குலக் குழல் போதும். அந்த வகையின் விசை கனமானது, ஐந்து கிலோவரை இழுக்க வேண்டியிருக்கும். கடையிலேயே பத்து முறை இழுத்துப் பாருங்கள். கை சிறியதென்றால் .32 நன்றாக அடங்கும், ஆனால் ரவை எல்லாக் கடையிலும் கிடைக்காது. .22 ரவை வெடிக்காமல் போவது அதிகம், எனக்கு நம்பிக்கையில்லை. விசையை முழுதாக மூடும் உறையில்லாமல் ஒருநாளும் இடுப்பில் செருகாதீர்கள்.

வீட்டில் அம்மா இருக்கிறாரா? இங்கே வயலுக்கு வரும் யானையை விரட்ட வெடி கொளுத்தும் இரவுகளில் நான் முதலில் என் அம்மாவிடம் போய்ச் சொல்கிறேன். சொல்லாமல் கொளுத்திய ஒருநாள், அடுப்படிச் சுவரோடு குந்தி, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தார். வாங்குவதற்கு முன் வீட்டில் பேசுங்கள், பூட்டுப் பெட்டியையும் அன்றே வாங்குங்கள். ஊருக்கு வரும்போது, பயிற்சிக்குக் கொண்டுபோகும் பையைப் பயணப் பையாக்க வேண்டாம். அதன் மடிப்பில் ஒரு ரவை கிடந்தாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே உங்களை மறித்துவிடுவார்கள்.