விளைச்சல் 112.5 விழுக்காடு வருமா?

கேள்வி: உயர்நிலை 3 படிக்கும் என் மகள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் காப்பர் சல்ஃபேட் படிகம் தயாரித்தாள். லிட்டருக்கு 1 மோல் கொண்ட கந்தக அமிலம் 25 மில்லிலிட்டர், காப்பர் ஆக்சைடு 4 கிராம். கிடைத்த படிகம் 4.5 கிராம். அவள் கணக்கில் விளைச்சல் 112.5 விழுக்காடு, தோழியின் கணக்கில் 36. எது சரி?
– வாசகி, ஈசூன்

பதில்: இரண்டுமே தவறு, சரியான விடை 72. இருவரும் எங்கே வழுக்கினார்கள் என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது.

முதலில் எல்லாவற்றையும் மோலுக்கு, அதாவது துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகுக்கு, மாற்ற வேண்டும். அணு நிறை செம்புக்கு 64, ஆக்சிஜனுக்கு 16; ஆக, காப்பர் ஆக்சைடு ஒரு மோல் 80 கிராம். 4 கிராம் என்றால் 0.05 மோல். (தமிழ்நாட்டில் படித்த பெற்றோருக்குச் செம்பு என்றதும் 63.5 என்று எழுதக் கை போகும். பிள்ளை தன் தேர்வுத் தாளோடு வரும் அட்டவணையில் உள்ளதையே எழுதட்டும்.) அமிலம் 0.025 லிட்டர், எனவே 0.025 மோல். ஆயிரத்தால் வகுக்க மறந்து 25 மோல் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

சமன்பாட்டில் ஆக்சைடு ஒன்றுக்கு அமிலம் ஒன்று. ஆகவே முதலில் தீர்வது அமிலம். லிமிட்டிங் ரியேஜண்ட் அதுதான். செய்முறையே அப்படி அமைந்தது. மிஞ்சும் 2 கிராம் கரும்பொடி கரையாது, வடிகட்டிவிடலாம். அமிலம் மிஞ்சினால் வடிதாளால் பிரிக்க முடியாது. கரைசல் வற்ற வற்ற அது செறிந்துகொண்டே போகும். தோழி ஆக்சைடின் 0.05 மோலைப் பிடித்துக்கொண்டதால் 12.5 கிராம் வர வேண்டும் என்று எண்ணிவிட்டார்.

உங்கள் மகள் அமிலத்தைச் சரியாகவே பிடித்தாள். தவறியது படிகத்தின் மோல் நிறையில். அவள் போட்ட 160, நீரற்ற வெள்ளைப் பொடிக்கு உரியது. நீலப் படிகத்தில் ஒவ்வொரு மோலுக்கும் 5 மோல் நீர் உள்ளே கட்டுண்டு கிடக்கிறது. அதன் 90-ஐயும் கூட்டினால் 250. அதை 0.025-ஆல் பெருக்கினால் 6.25 கிராம். அதுவே தியரட்டிகல் ஈல்டு, அதாவது கணக்குப்படி அதிகபட்சம் கிடைக்கக்கூடிய எடை. 4.5-ஐ அதால் வகுத்தால் 72 விழுக்காடு.

விடை 100-ஐத் தாண்டினால் முதலில் இந்த நீரைச் சேர்த்தோமா என்று பாருங்கள். அது சரியென்றால் படிகம் ஈரமாக இருந்திருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது மெல்லத்தான் காயும். இரண்டு வடிதாள்களுக்கு நடுவே வைத்து ஒற்றி எடுப்பதே நல்லது. அவசரப்பட்டுச் சூட்டில் வைத்தால் உள்நீரும் போய் நீலம் வெளுக்கும், எடையும் குறையும்.

மீதி 1.75 கிராம் எங்கே போனது? பெரும்பாலும் வடிநீரில். அறை வெப்பநிலையில் 10 மில்லிலிட்டர் தண்ணீர் சுமார் 3 கிராம் படிகத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். வடிகட்டிய பின் 5, 6 மில்லிலிட்டர் மிஞ்சியிருந்தாலே கணக்கு நேராகிவிடும். மகளின் கைவேலையில் பெரிய குறை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: மோல் எண்ணிக்கை குறைவாக உள்ளதுதான் எப்போதும் முதலில் தீருமா?
– வாசகர், ஜூரோங்

பதில்: இல்லை. சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்ணால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும். மக்னீசியம் 0.02 மோல், ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.03 மோல் என்று வைத்துக்கொள்வோம். மக்னீசியம் ஒன்றுக்கு அமிலம் இரண்டு தேவை. 0.03-ஐ 2-ஆல் வகுத்தால் 0.015, ஆகவே அமிலமே முதலில் தீரும். வெளிவரும் ஹைட்ரஜன் 0.015 மோல், அறை வெப்பநிலையில் மோலுக்கு 24 லிட்டர் என்று கொண்டால், 360 மில்லிலிட்டர்.