மின்சார எஸ்யூவி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நெக்ஸான் இவி 45 வைத்திருக்கிறேன். ஒரு முழு சார்ஜுக்கு நிறுவனம் சொன்ன 489 கி.மீ. எங்கே, எனக்குக் கிடைக்கும் 270 எங்கே? பேட்டரி பழுதா? (விழுப்புரம்)

பதில்: எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதை எழுதாமல் ரேஞ்சை மட்டும் கேட்டால் என்ன பதில் சொல்வது? 489 என்பது ஏ.சி.யை அணைத்து, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், ஆய்வுக்கூட உருளைகளின் மேல் ஓட்டி அளந்த கணக்கு. 80இல் இருக்கும் காற்றுத் தடை 110இல் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும் என்பதால், நான்குவழிச் சாலையில் அந்த வேகத்துக்கு 270 கிடைத்தால் பேட்டரி நலமாகவே இருக்கிறது. 90க்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: பிஇ 6 வாங்கினேன். 6.7 விநாடியில் 100ஐத் தொடும் வேகத்தை அடிக்கடி அனுபவித்தால் ரேஞ்ச் அடிபடுமா? (சேலம்)

பதில்: ஒருமுறை பாய்வதற்குக் கால் யூனிட் போகும், அதிலும் ஒரு பகுதி, வேகம் குறையும்போது மோட்டார் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். பாய்ந்த பிறகு 120இலேயே நீடிப்பதுதான் ரேஞ்சைத் தின்கிறது.

கேள்வி: க்ரெட்டா எலெக்ட்ரிக்கை நெடுஞ்சாலை டி.சி. (நேர்மின்) விரைவு சார்ஜரில் போட்டால், ஒரு மணி நேரத்தில் 80 விழுக்காடு ஏறுகிறது; மீதி 20க்கு ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. சார்ஜர் சரியில்லையா? (தாம்பரம்)

பதில்: சார்ஜரில் குறையில்லை, 80க்குப் பிறகும் நீங்கள் அங்கே நின்றதுதான் குறை. செல்களின் மின்னழுத்தம் மேல் எல்லையை நெருங்கியதும், அவை கெடாமலிருக்க, காரில் உள்ள பேட்டரி மேலாண்மை அமைப்பே மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடும். பொங்கல் விடுமுறையில் சென்னை–திருச்சி சாலையின் சார்ஜிங் நிலையங்களைப் பாருங்கள்: திரையில் 94 விழுக்காடு, ஏறுவதோ எட்டு ஒன்பது கிலோவாட், உரிமையாளரோ உணவகத்தில் இரண்டாவது காபியில் இருப்பார், பின்னால் குழந்தைகளோடு மூன்று கார்கள் காத்திருக்கும். 51.4 யூனிட் பேட்டரி 80 விழுக்காட்டோடு உளுந்தூர்ப்பேட்டையை விட்டுக் கிளம்பினால், 90க்குள் ஓட்டுகிறவருக்குத் திருச்சி தாண்டியும் கணிசமாக மிஞ்சும். பிறகு எதற்காக அந்தக் கடைசி 20? எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட்) வகை பேட்டரிக்கு அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்கிறார்களே என்று சிலர் வாதிடுவார்கள். அது உண்மைதான், ஆனால் அதை வீட்டின் மெதுவான ஏ.சி. (மாறுமின்) சார்ஜரில், இரவில் செய்துகொள்ளுங்கள். சார்ஜர் முன்னால் பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்களைப் பற்றி இங்கே எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

கேள்வி: வீட்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டி மூலம் சார்ஜ் செய்யலாமா? (கும்பகோணம்)

பதில்: கூடாது. மூன்று கிலோவாட் பல மணி நேரம் தொடர்ந்து பாயும். மீட்டரிலிருந்து தனி வயர், தனி 15 ஆம்பியர் பாயிண்ட், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., எல்லாவற்றுக்கும் முன்னால் முறையான எர்த் வேண்டும். எர்த்தைச் சோதிக்காமல் காரைச் செருகாதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் 30 விழுக்காடு இருந்தால் ஊட்டி போய்விடலாமா? (ஈரோடு)

பதில்: என்ன கார், எத்தனை பேர் என்று எழுதவில்லை. 45 யூனிட் பேட்டரியில் 30 விழுக்காடு என்றால் 13 யூனிட் சொச்சம். நால்வரோடு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏற மட்டுமே 10 யூனிட் வேண்டும். சாலை ஓட்டத்துக்கு இன்னும் ஐந்தாறு யூனிட் ஆகும். ஆகவே போதாது, மேட்டுப்பாளையத்திலேயே 60க்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். ஊட்டியில் 100 ஏற்றிக்கொண்டு இறங்கவும் வேண்டாம்: நிறைந்த பேட்டரியில் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்புவது) வேலை செய்யாது, மலை முழுவதும் பிரேக் லைனிங்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரு மாதம் வெளிநாடு போகிறேன். எப்படி நிறுத்துவது? (அண்ணா நகர்)

பதில்: 50 விழுக்காட்டில், நிழலில் நிறுத்துங்கள், 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் கதவே திறக்காது என்பதால், சாவிக்குள் இருக்கும் உலோகச் சாவியை வீட்டில் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.