அட்வான்ஸ் கொடுக்குமுன் வீட்டைச் சோதிப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் 14 வருடம் ஆன தனி வீடு ஒன்றைப் பேசி முடிக்கும் நிலையில் இருக்கிறோம். வக்கீல் பத்திரம் பார்த்துவிட்டார். வங்கியிலிருந்து இன்ஜினியரும் வந்து அளந்துவிட்டுப் போனார். இதற்கு மேல் நாங்களே ஒரு கட்டட இன்ஜினியரைக் கூட்டிவந்து சோதிக்க வேண்டுமா? வீண் செலவு என்கிறார் புரோக்கர்.

பதில்: கட்டாயம் கூட்டிவாருங்கள். வக்கீல் பார்த்தது மூலப் பத்திரம், வில்லங்கம், பட்டா. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் பார்த்தது, கடன் வசூலாகாவிட்டால் அந்தச் சொத்து என்ன விலைக்குப் போகும் என்பதை. இடத்தின் அளவு, கட்டடத்தின் சதுர அடி, வயது, அக்கம்பக்கத்து விலை, இவைதான் அவர் அறிக்கையில் இருக்கும். மொட்டை மாடியில் தட்டோட்டைத் தட்டிப் பார்ப்பதும், பாத்ரூமுக்குக் கீழே உள்ள தளத்தில் ஓதம் (ஈரக்கசிவு) ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை அல்ல. இருவருமே தம் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார்கள். ஆனால் கட்டடத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் சிறிய தனி வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் கட்டாயமில்லை. அதனால் பெரும்பாலான தனி வீடுகளைக் கட்டி முடித்த பிறகு எந்த அதிகாரியும் வந்து பார்த்திருக்க மாட்டார். ‘பின்னால் குறை தெரிந்தால் விற்றவரைக் கேட்கலாமே’ என்று தோன்றும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55, விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான குறையைச் சொல்லியாக வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் அது வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையாக இருக்க வேண்டும். விற்றவருக்கு அது முன்பே தெரியும் என்பதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வழக்கில் வருடங்கள் போய்விடும். கிரயத்துக்கு முன் ஒரு நாள் சோதனை எவ்வளவோ மேல்.

கேள்வி: அம்மாபேட்டையில் பார்த்த வீட்டில் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அப்படியும் இரண்டு மூன்று இடத்தில் விரிசல் தெரிகிறது. ‘எல்லா வீட்டிலும் இருப்பதுதான்’ என்கிறார் வீட்டுக்காரர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. விரிசல் இருக்கிறதா என்பதைவிட, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

பூச்சின் மேல் வலைபோலப் பரவிய மயிரிழை விரிசல், பூச்சு சீக்கிரம் உலர்ந்ததால் வந்தது, பயமில்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக இறங்கும் கோடு, அங்கே கோழிவலை வைக்காமல் பூசியதால் வந்திருக்கும். இதுவும் சரிசெய்யக்கூடியதே. தளத்துக்குச் சற்றுக் கீழே, மேல்மாடிச் சுவரில் கிடையாக ஓடும் விரிசலைச் சேலத்து வெயிலில் அடிக்கடி பார்க்கலாம். பகலில் கான்கிரீட் தளம் விரிந்து, இரவில் சுருங்கி, சுவரை இழுக்கிறது. மாடியில் வெப்பத் தடுப்பு இல்லாவிட்டால் எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும்.

பயப்பட வேண்டியவை இரண்டு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுபோலச் செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு போகும் விரிசல் முதலாவது. அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் அதிகமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கரிசல் மண்ணிலும், கொட்டி நிரப்பிய மண்ணிலும் இது வரும். இரண்டாவது, தூணிலோ உத்திரத்திலோ கம்பி போகும் கோட்டிலேயே ஓடி, துருக் கறை கசியும் விரிசல். கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு பெருக்கும். அந்த அழுத்தம் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. இதன் மேல் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் ஆறு மாதம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்ஜினியர் வந்தால் முதலில் சுத்தியால் தட்டிக் கேட்பார். ‘டொக்’ என்று வெற்றோசை வந்தால் பூச்சோ கான்கிரீட்டோ உள்ளே விட்டுப் பிரிந்திருக்கிறது. ஈரப்பத மீட்டரைச் சுவரில் வைத்தால் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் உள்ள ஓதம் எண்ணாகத் தெரிந்துவிடும். ரீபவுண்ட் ஹாம்மர் என்ற, அழுத்தினால் துள்ளும் சுத்திக் கருவி கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தைக் காட்டும். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் அதை வைக்க வேண்டும். பூச்சின் மேலேயே வைத்து எண் சொல்பவரை நம்பாதீர்கள். பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றுப்பட்டு இறுகியிருப்பதால் எண் கூடுதலாகவும் காட்டும். அதனால் ஒரு சில்லைப் பெயர்த்து அந்த இடத்தில் காரத்தன்மையைக் காட்டும் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். இளஞ்சிவப்பானால் கம்பிக்கு இன்னும் பாதுகாப்பு இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் அங்கே காரத்தன்மை போய்விட்டது, கம்பி துருப்பிடிக்க வழி திறந்துவிட்டது என்று பொருள். கம்பிக்கு மேலே எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்கிறது என்பதைக் கவர் மீட்டர் சொல்லும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி தூணில் பொதுவாக 40 மில்லிமீட்டர், சாதாரணச் சூழலில் தளத்தில் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

விரிசல் இன்னும் வளர்கிறதா என்று தெரிய, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஒட்டித் தேதி எழுதிவைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் அசைவு நிற்கவில்லை. இதற்குச் சில வாரமாவது வேண்டும். அவசரப்படுத்தும் வீட்டுக்காரரிடம் இந்த அவகாசத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மாடியையும் விடாதீர்கள். தண்ணீர் வடிய 10 அடிக்கு 2 அங்குலமாவது சரிவு வேண்டும். பாத்ரூம் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் கழித்து அதற்குக் கீழே உள்ள அறையின் கூரையைப் பாருங்கள். முடிந்தால் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு மறுநாள் வீட்டைப் போய்ப் பாருங்கள். பங்குனி வெயிலில் எந்த வீடும் காய்ந்துதான் இருக்கும்.

கேள்வி: கொண்டலாம்பட்டிப் பக்கம் விலைக்கு வந்திருக்கும் வீட்டில் முன்பு விசைத்தறி ஓடியதாம். அதனால் ஏதாவது பாதிப்பு உண்டா?

பதில்: வருடக்கணக்கில் தறி ஓடிய அதிர்வில் சுவர் இணைப்புகள் தளர்ந்திருக்கலாம். தறி நின்ற அறையின் மூலைகள், லிண்டலின் (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள உத்திரம்) இரு முனைகள், ஜன்னல் நிலையைச் சுற்றியுள்ள இடைவெளி, இவற்றைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். தறியைத் தரையில் பிடித்திருந்த போல்ட் குழிகளை டைல்ஸ் போட்டு மறைத்திருப்பார்கள். தட்டினால் ஓசையில் தெரியும். பழைய கைத்தறி வீடானால் தறிக்குழியை எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்று கேளுங்கள். குப்பையும் செங்கல் உடைசலும் போட்டிருந்தால் அங்கே தரை இறங்கும்.

மின் இணைப்பு தறிக் கட்டணப் பிரிவிலேயே இருக்கிறதா, பாக்கி உண்டா என்பதைக் கிரயத்துக்கு முன்பே மின்வாரியத்தில் தெரிந்துகொள்ளுங்கள். வயரிங்கைத் தனியாகச் சோதிக்க வேண்டும்: வயர் உறையின் காப்பு எதிர்ப்பை (இன்சுலேஷன்) மெக்கர் கருவியாலும், எர்த் எதிர்ப்பை அதற்குரிய மீட்டராலும் அளக்கச் சொல்லுங்கள். எர்த் 5 ஓமுக்குள் இருப்பது நல்லது. மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாவிட்டால் அதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சரிவில் கட்டிய சிறு வீடு ஒன்று பிடித்திருக்கிறது. சேலத்து வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. மலையில் வீட்டைவிட அது நிற்கும் மண்ணுக்குத்தான் முதல் சோதனை. சரிவை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் நிரப்பிச் சமன் செய்திருப்பார்கள். வெட்டிய பாதி கெட்டியாக நிற்கும், நிரப்பிய பாதி மழைக்கு மழை இறங்கும். இரண்டும் சேரும் கோட்டில் தரையிலும் சுவரிலும் விரிசல் தெரிந்தால், வெறும் பூச்சு வேலையால் அது தீராது.

தடுப்புச் சுவரைத் தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு தள்ளியோ முன்னால் சாய்ந்தோ இருந்தால் பின்னால் தண்ணீர் தேங்கி அழுத்துகிறது. தண்ணீர் வெளியேறத் துளைக் குழாய்கள் விட்டிருக்க வேண்டும். அவை அடைபட்டுப் பாசி பிடித்திருந்தாலும் மழைநாளில் ஒரு சொட்டும் வராவிட்டாலும் சுவர் ஆபத்தில் இருக்கிறது. வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் மழைநீரைத் திருப்பிவிடும் கால்வாய் உண்டா? செப்டிக் டேங்கின் கழிவு எங்கே இறங்குகிறது? சரிவு மண்ணிலேயே ஊறவிட்டிருந்தால் வருடம் முழுவதும் மண் நனைந்தபடியே இருக்கும். சரிவில் மரங்களின் அடிப்பகுதி வளைந்து நிற்பதும் மண் மெல்ல நகர்வதற்கு ஓர் அடையாளம்.

பனியும் ஈரமும் நீடிப்பதால் அலமாரிக்குப் பின்னால் பூசணம், மர உத்திரத்தில் கரையான், நிலையின் அடியில் உளுப்பு, மூன்றையும் தேட வேண்டும். கூர்மையான ஆணியால் மரத்தைக் குத்தினால் சுலபமாக இறங்கக் கூடாது. வக்கீலிடமும் ஒன்று சொல்லுங்கள்: ஏற்காடு, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருவது. மனைக்கும் கட்டடத்துக்கும் உரிய அனுமதி எண்ணைப் பார்க்காமல் கட்டடச் சோதனைக்குச் செலவு செய்வதே வீண்.

கேள்வி: புது அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்குகிறோம். புதுசுக்கும் சோதனை தேவையா?

பதில்: தேவை. சாவி வாங்குமுன் செய்யுங்கள். ரெரா சட்டம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்), 2016, பிரிவு 14-இன்படி ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைக் கட்டுநர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில், அல்லது 8 வீடுகளுக்கு மேற்படாமல் கட்டும் சிறு திட்டங்களுக்கு ரெரா பதிவு தேவையில்லை. சேலத்தின் பல அடுக்குமாடிகள் அளவில் சிறியவை. பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சரியான ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? அறிக்கை வந்த பிறகு என்ன செய்வது?

பதில்: வீட்டுச் சோதனைக்கென்று தனி அரசு உரிமம் நம் நாட்டில் இல்லை. அதனால் சிவில் பட்டமும், முடிந்தால் கட்டமைப்புப் பொறியியலில் மேற்படிப்பும் உள்ளவரைத் தேடுங்கள். புரோக்கர் காட்டும் ஆள் வேண்டாம். பழுதுபார்க்கும் வேலையையும் தாமே எடுத்துச் செய்வேன் என்பவரும் வேண்டாம். குறையைப் பெரிதாக்கிக் காட்ட அவருக்குக் காரணம் இருக்கிறது. அனுபவமுள்ள மேஸ்திரி உடன் வருவது நல்லதுதான். அவர் கண் கூர்மையானது, ஆனால் அவர் கையெழுத்திட்ட அறிக்கை தரமாட்டார்.

என்னென்ன சோதனை, எத்தனை இடத்தில், படத்தோடு அறிக்கை எத்தனை நாளில், கூலி எவ்வளவு என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். போர்வெல் இருந்தால் மோட்டாரை ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டி, தண்ணீர் குறைகிறதா, கலங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரை ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள். சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்க உதவாது.

அறிக்கையில் குறைகளை மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: உடனே செய்ய வேண்டியவை, ஓரிரு வருடத்தில் செய்ய வேண்டியவை, தோற்றக் குறைகள். முதல் வகைக்கு இரண்டு கான்ட்ராக்டர்களிடம் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கக் கேளுங்கள். அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்துவிட்டால், ‘கட்டமைப்புக் குறை தெரியவந்தால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும்’ என்ற வரியைக் கிரய ஒப்பந்தத்தில் சேர்க்க வக்கீலிடம் சொல்லுங்கள். சோதனைக்கே வீட்டைத் திறந்துவிட மறுப்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.